ஸ்னோமொபைலுக்கு உடுத்துவது எப்படி: உள்ளாடையிலிருந்து தொடங்குங்கள்

ரொறன்ரோவில் பத்துக் குளிர்காலங்களைக் கண்டவர்கள்கூட, முதன்முதலாக ஸ்னோமொபைல், அதாவது பனிமேல் ஓடும் இயந்திர வண்டி, ஓட்டப் போகும் நாளில் தவறான உடையோடு வந்து நிற்கிறார்கள். பஸ் தரிப்பிடத்தில் இருபது நிமிடம் நிற்பதற்கு வாங்கிய தடித்த ஜாக்கெட், அதற்குள் பருத்திச் சட்டை, கீழே ஜீன்ஸ், கழுத்தைச் சுற்றி நீண்ட கம்பளிச் சால்வை. நகரத்துக் குளிருக்கு இவ்வளவும் போதும். நகருக்கு வடக்கே ஹாலிபர்ட்டனின் காட்டுப் பாதைக்கும் மஸ்கோகாவின் உறைந்த ஏரிக்கும் போதாது. அந்தச் சால்வையோ உயிருக்கே ஆபத்தானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒவ்வொரு ஜனவரியிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்வி, "எவ்வளவு தடிப்பாக உடுத்த வேண்டும்?" என்பதுதான். தடிப்பைப் பற்றி யோசிப்பதை முதலில் நிறுத்துங்கள். உடம்பு உலர்ந்திருக்கிறதா, காற்று எங்கே நுழைகிறது என்ற இரண்டையும் பாருங்கள். உலர்ந்த உடம்பை மூன்று மெல்லிய துணிகள் காப்பாற்றிவிடும். நனைந்த உடம்பை எந்த ஜாக்கெட்டாலும் காப்பாற்ற முடியாது.

குளிர் எங்கிருந்து வருகிறது

இலை அசையாத ஒரு காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பமானி -15 பாகை செல்சியஸ் காட்டுகிறது. ஒன்ராறியோவின் ஸ்னோமொபைல் பாதைகளில் சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். அந்த வேகத்தில் ஓட்டத் தொடங்கியதும், காற்றே இல்லாத அந்தக் காலையில் உங்கள் முகத்தில் மணிக்கு 50 கிலோமீற்றர் காற்று அடிக்கிறது. கனடாவின் காற்றுக்குளிர் அட்டவணைப்படி அது -29 போல உறைக்கும். வெப்பநிலை -20 என்றால் -35. காற்றுக்குளிர் -28க்குக் கீழே இறங்கிவிட்டால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்துபோகலாம். -40ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடங்களே. எதிர்காற்றும் சேர்ந்தால் கணக்கு இன்னும் மோசமாகும். ஆகவே வானிலை அறிக்கையில் சொல்லும் வெப்பநிலைக்கு உடுத்தாதீர்கள், ஓடப்போகும் வேகத்துக்கு உடுத்துங்கள்.

வியர்வையைப் புதியவர்கள் எதிர்பார்ப்பதே இல்லை. வண்டி 200 கிலோவுக்கு மேல் கனமானது. பாதையை விட்டு ஒரு முழம் விலகினாலும் மென்பனியில் புதைந்துவிடும். அதைத் தோண்டி எடுப்பது மண்வெட்டி வேலைக்குச் சமம். என் முதல் பயணத்தில் அப்படித்தான் நடந்தது. அன்று -18 பாகை. நானும் நண்பரும் அரை மணி நேரம் தோண்டினோம், இழுத்தோம். சூடாக இருந்ததால் மகிழ்ச்சியாகவே இருந்தது. மறுபடி ஏறி ஓட்டத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் முதுகோடு ஒட்டியிருந்த பருத்திச் சட்டை பனிக்கட்டித் தகடு போலாகிவிட்டது. தங்குமிடத்துக்கு வந்து சேர்ந்தபோது விரல்கள் ஒத்துழைக்காததால் தலைக்கவசத்தின் வாரை என்னால் அவிழ்க்க முடியவில்லை. நண்பர்தான் அவிழ்த்துவிட்டார். அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கடத்திச் செல்லும் என்பதை நான் அன்றைக்கு முதுகால் படித்தேன்.

முதல் அடுக்கு: தோலைத் தொடும் துணி

இங்கே பருத்திக்கு இடமே இல்லை. பனியன், உள்ளாடை, காலுறை எதுவும் பருத்தியில் வேண்டாம். நம் ஊர் வெயிலில் பருத்தி ஏன் இதமாக இருக்கிறதோ, அதே காரணத்தால்தான் இங்கே அது பகையாகிறது. வியர்வையைக் குடித்து, பிடித்து வைத்து, மெல்ல மெல்ல உலர்ந்து உடலைக் குளிர்விக்கிறது.

மெரினோ என்ற செம்மறியின் கம்பளி அல்லது பாலியெஸ்டரில் நெய்த, உடம்போடு ஒட்டி நிற்கும் மேல்சட்டையும் நீளக் கால்சட்டையும் வாங்குங்கள். பாலியெஸ்டர் விலை குறைவு, வேகமாக உலரும். மெரினோ ஈரமானாலும் ஓரளவு சூடு தரும், இரண்டு மூன்று நாள் அணிந்தாலும் நாற்றம் எடுக்காது. நான் மேலே மெரினோவும் கீழே பாலியெஸ்டரும் அணிகிறேன். கம்பளி என்றதும் அரிப்பு நினைவுக்கு வந்தால் கவலை வேண்டாம். மெரினோ இழை நுண்மையானது, பெரும்பாலோருக்கு உறுத்தாது. சட்டை இடுப்புக்குக் கீழே நன்றாக இறங்கியிருக்க வேண்டும். முன்னால் குனிந்து உட்காரும்போது முதுகில் திறக்கும் அந்த நாலு விரல் இடைவெளி வழியாகத்தான் பாதிக் குளிர் உள்ளே வரும்.

நடு அடுக்கு

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. ஃபிளீஸ் என்ற மென்மயிர்ச் செயற்கைத் துணியில் மேற்சட்டை ஒன்று, மிகக் குளிரான நாளுக்கு அதன்மேல் கையில்லாத மெல்லிய ஜாக்கெட் ஒன்று. ஒரே தடித்த உடுப்பைவிட இரண்டு மெல்லியவை நல்லது. வண்டி புதைந்தால் தோண்டத் தொடங்குவதற்கு முன்பே ஒன்றைக் கழற்றி வைத்துவிடலாம். வியர்த்த பிறகு கழற்றுவதில் பயனில்லை. வாத்து இறகு திணித்த ஜாக்கெட்டை வீட்டில் விட்டு வாருங்கள், நனைந்தால் அது பயன்படாது. பாட்டரியில் சூடேறும் உடுப்புகள் சுகமானவை. ஆனால் பாட்டரி தீர்ந்துபோன பின்பும் நீங்கள் தாக்குப்பிடிக்கும்படி மற்ற உடைகள் இருக்க வேண்டும்.

வெளி அடுக்கு: ஜாக்கெட்டும் பிப்பும்

வெளியுடையின் வேலை காற்றையும் நீரையும் தடுத்து, உள்ளே எழும் வியர்வை ஆவியை வெளியே விடுவது. முரணாகத் தோன்றும் இந்த இரண்டையும் ஒருசேரச் செய்ய 1969இல் பாப் கோர் கண்டுபிடித்த நுண்துளைச் சவ்வு வழி திறந்தது. அதன் வணிகப் பெயரான கோர்-டெக்ஸை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். இப்போது பல நிறுவனங்கள் தத்தம் சவ்வுகளை வைத்திருக்கின்றன. உடுப்பின் சீட்டில் நீர்த்தடுப்பு அளவு, அதாவது துணி தாங்கும் தண்ணீர்ப் பத்தியின் உயரம், மில்லிமீற்றரில் இருக்கும். 10,000 என்பது பாதையோட்டத்துக்குப் போதும். ஈரப்பனியில் நாள் முழுவதும் உட்காருபவர்கள் 20,000 தேடலாம். தையல்கள் உட்புறம் நாடா ஒட்டி அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று திருப்பிப் பாருங்கள். சவ்வு எவ்வளவு நல்லதானாலும் தைத்த ஊசித்துளை வழியாகத் தண்ணீர் வந்துவிடும்.

உள்ளே பஞ்சு வைத்த ஜாக்கெட்டா, வெறும் ஓடு போன்ற ஜாக்கெட்டா? எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒன்ராறியோ, கியூபெக் பாதைகளில் பெரும்பாலும் உட்கார்ந்தே ஓட்டுகிறோம், உடல் அதிகம் உழைப்பதில்லை, ஆகவே பஞ்சு வைத்தது பொருந்தும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக் போன்ற மலைப் பகுதிகளில் ஆழ்பனியில் நின்றபடி, உடம்பைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டுவார்கள். அவர்களுக்கு அது உடற்பயிற்சி. அங்கே பஞ்சு வைத்த ஜாக்கெட் அணிந்தால் வியர்வையில் குளித்துவிடுவீர்கள். அக்குளின் கீழே திறக்கும் ஜிப் இரு வகையிலும் இருக்கட்டும்.

கீழே அணிய, தோள்வார் வைத்து மார்பு வரை ஏறும் பனிக்கால்சட்டையை வாங்குங்கள். கடைகளில் 'பிப்' என்று கேட்டால் தருவார்கள். இடுப்போடு நிற்கும் பனிச்சறுக்குக் கால்சட்டையில் ஒரு முறை விழுந்தாலே பனி உள்ளே புகுந்துவிடும். முழங்காலும் இருக்கைப் பகுதியும் தடித்த துணியால் வலுப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். பெண்களுக்கான பிப்களில் பின்புறம் முழுமையாகத் திறக்கும் ஜிப் வைத்தவை உண்டு. நாற்பது கிலோமீற்றருக்குக் கழிப்பறையே இல்லாத காட்டில் ஜாக்கெட்டைக் கழற்றாமல் இருக்க அது எவ்வளவு உதவி என்று என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

நிறம் வெறும் அழகு சார்ந்த விஷயமல்ல. கறுப்பு உடை மரநிழலில் மறைந்துவிடும், வெள்ளை உடை பனியில் மறைந்துவிடும். செம்மஞ்சள், எலுமிச்சைப் பச்சை போன்ற நிறங்களும் ஒளிதிருப்பும் பட்டைகளும் இருக்கட்டும். மாலை நாலரை மணிக்கே இருட்டும் மாதங்களில் வளைவுக்கு அப்பாலிருந்து வருபவர் உங்களைப் பார்க்க வேண்டும்.

ஏரி மேல் போவீர்களானால் மிதப்புத் திணிப்பு வைத்த உடையை வாங்க வற்புறுத்துவேன். ஸ்னோமொபைலுக்குப் பனிக்கட்டி குறைந்தது 25 சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டும் என்று கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. ஆனால் ஒரே ஏரியில் கரையோரம் ஒரு தடிப்பு, நீரோட்டமுள்ள இடத்தில் வேறு தடிப்பு. மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் விழுந்தவர்களுக்காகக் கற்பிக்கும் கணக்கு 1-10-1: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க ஏறத்தாழ பத்து நிமிடம், குளிரால் நினைவிழக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம். உடை உங்களை மிதக்க வைத்தால்தான் அந்தப் பத்து நிமிடம் உங்களுக்குக் கிடைக்கும். பனியில் குத்தி உடலை இழுத்து ஏற உதவும் இரட்டைக் குத்தூசிகளை ஜாக்கெட்டின் வெளிப்பையில் வையுங்கள். முதுகுப்பையின் அடியில் இருந்தால் அந்த நேரத்தில் கைக்கு எட்டாது.

கைகள்

புதியவர்கள் முதலில் தோற்பது கையில்தான். வலது கட்டைவிரல் எரிபொருள் நெம்பை எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்கிறது, இடது கை பிரேக்கை அழுத்தத் தயாராகக் காத்திருக்கிறது. இரண்டும் காற்றுக்கு நேரெதிரே நீண்டிருக்கின்றன.

இன்றைய வண்டிகளில் கைப்பிடியும் கட்டைவிரல் நெம்பும் மின்சாரத்தால் சூடேறும். ஆகவே உள்ளங்கைப் பக்கம் மெல்லியதாகவும் புறங்கைப் பக்கம் தடித்ததாகவும் உள்ள கையுறையைத் தேர்ந்தெடுங்கள். எங்கும் தடித்த கையுறையில் கைப்பிடியின் சூடு தோலை எட்டாது. பிரேக் எங்கே இருக்கிறது என்பதும் விரலுக்குத் தெரியாது, அது குளிரைவிட மோசம். கடையில் அணிந்து, விரல்களை மடக்கி, கட்டைவிரலைப் பலமுறை அழுத்திப் பாருங்கள். மடக்கும்போது இறுகினால் இரத்த ஓட்டம் தடைபடும், ஓர் அளவு பெரிதாக எடுங்கள். நான்கு விரலும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் மிற்றன் வகை இன்னும் சூடானது. -25க்குக் கீழே நான் அதைத்தான் அணிகிறேன்.

மணிக்கட்டைக் கவனியுங்கள். கையுறையின் நீண்ட வாய் ஜாக்கெட் கையின்மேல் ஏற வேண்டும், அல்லது குட்டை வாய் ஜாக்கெட் கைக்குள்ளே போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் தோல் தெரிந்தால் அங்கே சிவந்து, வெளுத்து, மரத்துப்போகும்.

உலர்ந்த இன்னொரு சோடி கையுறை பையில் எப்போதும் இருக்கட்டும். எரிபொருள் நிரப்பும்போது நல்ல கையுறையைக் கழற்றிவிட்டு மலிவான இரப்பர் கையுறை மாட்டுங்கள். பெற்றோல் கடுங்குளிரிலும் திரவமாகவே இருக்கும், தோலில் பட்டு ஆவியாகும்போது நொடியில் சூட்டை உறிஞ்சிவிடும். வெறுங்கையில் சிந்தினால் உறைகாயம் வரும். இரும்புத்தூள் நிரப்பிய சூட்டுப் பொட்டலங்களையும் வாங்கி வையுங்கள், காற்றுப் பட்டால்தான் அவை வேலை செய்யும். விரல் மரக்கத் தொடங்கினால் இறங்கி நின்று கைகளைத் தோளிலிருந்து வட்டமாக வேகமாகச் சுழற்றுங்கள். இரத்தம் விரல்நுனிக்கு ஓடி வரும். பலமுறை செய்து பார்த்திருக்கிறேன்.

தலை, முகம், கழுத்து

தலைக்கவசம் ஒன்ராறியோவில் ஓட்டுநருக்கும் பின்னால் இருப்பவருக்கும் சட்டப்படி கட்டாயம். மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தையே கொண்டு வரலாமா என்று கேட்பார்கள். அதன் முகக்கண்ணாடி ஒற்றைத் தகடு. மூச்சின் ஆவி அதில் படிந்து, பிறகு உறைந்து, பார்வையை அடைத்துவிடும். ஸ்னோமொபைல் தலைக்கவசத்தில் இரண்டு தகடுகளுக்கு நடுவே காற்று அடைபட்டிருக்கும். மூச்சைக் கீழே திருப்பும் மறைப்பும் மூக்கின்மேல் இருக்கும். வண்டியிலிருந்து மின்சாரம் எடுத்துச் சூடேறும் முகக்கண்ணாடியும் உண்டு. பார்வைக்கண்ணாடி அணிபவர்கள் முடிந்தால் இதற்கே செலவிடுங்கள். மூக்குக்கண்ணாடி மேல் ஆவி படிந்தால் ஓடும்போது துடைக்க வழியில்லை. காகிள்ஸ் அணியும் வகையை விரும்பினால், பார்வைக்கண்ணாடிக்கு மேல் மாட்டக்கூடிய அளவு பெரியதாகப் பாருங்கள். மேகமூட்டமான நாளில் பனியின் மேடுபள்ளம் தெரிய மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புக் கண்ணாடி உதவும். பழைய தலைக்கவசத்தை யாரிடமும் வாங்காதீர்கள். உள்ளே ஏற்பட்ட விரிசல் வெளியே தெரியாது.

தலைக்கவசத்தின் உள்ளே மெல்லிய பாலகிளாவா அணியுங்கள், நம் ஊரில் குரங்குக் குல்லா என்கிறோமே, அதன் மெல்லிய வடிவம். அது மூக்கை மூடினால் மூச்சு மேலே ஏறிக் கண்ணாடியை மறைக்கும். மூக்குக்குக் கீழே இழுத்துவிடுங்கள்.

இப்போது சால்வை. தொங்கும் எதையும் அணியக் கூடாது. சால்வை, துப்பட்டா, கயிறு தொங்கும் தொப்பி, அவிழ்ந்த நீளக் கூந்தல், எல்லாம் வண்டியின் அடியில் சுழலும் பட்டியிலோ இயந்திரத்திலோ சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். கழுத்துக்குக் குழாய் வடிவ ஃபிளீஸ் உறை போதும். கூந்தலைப் பின்னி ஜாக்கெட்டுக்குள் விட்டுவிடுங்கள். தொங்க வேண்டியது ஒன்றே ஒன்று: வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டால் இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு. அதை மாட்டுவதற்கு ஜாக்கெட்டில் உறுதியான வளையம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

கால்கள்

உள்ளுறையைத் தனியாகக் கழற்றி உலர்த்தக்கூடிய ஸ்னோமொபைல் பூட்ஸ் வாங்குங்கள். பெட்டியில் -40, -60 என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம், அசையாமல் உட்கார்ந்திருக்கும் காலுக்கு அது பொருந்தாது. ஒரு தடித்த கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்த்து, விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு காலுறை போட்டு பூட்ஸை இறுக்குபவர்களின் கால்தான் முதலில் மரக்கிறது. அங்கே காற்றுக்கும் இடமில்லை, இரத்தத்துக்கும் இடமில்லை. தொழிற்சாலைக்கு அணியும் இரும்புமுனைச் சப்பாத்து வேண்டவே வேண்டாம், இரும்பு குளிரை நேராக விரலுக்குக் கொண்டுவரும். பூட்ஸின் வாய் பிப்பின் உள்மடிப்புக்குள் போய் அடைபட வேண்டும். பையில் உலர்ந்த காலுறை ஒரு சோடி.

பின்னால் இருப்பவரும் பிள்ளைகளும்

ஓட்டுபவர் உழைக்கிறார், சூடான கைப்பிடியைப் பிடித்திருக்கிறார். பின்னால் இருப்பவர் சும்மா இருக்கிறார், பல வண்டிகளில் அவருக்குச் சூடான பிடியும் கிடையாது. அவருக்கு உங்களைவிட ஓர் அடுக்கு கூடுதலாக வேண்டும். பிள்ளைகள் உற்சாகத்தில் குளிரைச் சொல்லமாட்டார்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, கையுறையைக் கழற்றி விரலைத் தொட்டுப் பாருங்கள். கன்னத்திலோ மூக்கிலோ மெழுகு போன்ற வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உடனே வெறும் உள்ளங்கையை வைத்துச் சூடேற்றுங்கள். தேய்க்கக் கூடாது, பனியால் ஒருபோதும் தேய்க்கக் கூடாது. யாராவது தடுமாறினால், பேச்சுக் குழறினால், காரணமின்றி எரிச்சல்பட்டால் அது உடற்சூடு இறங்கிவிட்டதன் அடையாளம். பயணத்தை அங்கேயே நிறுத்தி, காற்றில்லாத இடத்துக்கு அவரைக் கொண்டுபோய், ஈர உடையை மாற்றி, உதவி கேளுங்கள்.

எதை முதலில் வாங்குவது

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கினால் பணம் கரைந்துவிடும். வண்டியை வாடகைக்குத் தரும் இடங்கள் பலவற்றில் தலைக்கவசமும் வெளியுடையும் சேர்த்தே கிடைக்கும், முன்பதிவு செய்யும்போது கேளுங்கள். உள்ளடுக்கு, காலுறை, கையுறை, பாலகிளாவா ஆகிய நான்கும் முதல் நாளிலிருந்தே உங்களுடையதாக இருக்கட்டும். அடுத்தது பூட்ஸ். இந்த விளையாட்டு பிடித்துவிட்டது என்று தெரிந்த பின் தலைக்கவசமும், மார்ச், ஏப்ரல் மாதங்களில் விலை இறங்கும்போது ஜாக்கெட்டும் பிப்பும்.

முந்தைய இரவு எல்லாவற்றையும் வீட்டில் அணிந்து ஒரு நாற்காலியில் உட்காருங்கள். கைப்பிடியைப் பிடிப்பதுபோல் கைகளை நீட்டி, முன்னால் சாய்ந்து, இடமும் வலமும் திரும்புங்கள். மணிக்கட்டு, இடுப்பு, கழுத்து ஆகிய மூன்று இடங்களையும் வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். தோல் தெரிந்தால் அதைச் சரிசெய்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் வீட்டுக்குள்ளேயே முழுவதும் உடுத்திக்கொண்டு நிற்காதீர்கள், வெளியே போகும் முன்பே வியர்த்துவிடும். வெளியே வந்ததும் சற்றே குளிர்வதுபோல் இருந்தால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள்.

திரும்பி வந்ததும், தேநீருக்கு முன்பே, பூட்ஸின் உள்ளுறையையும் கையுறையையும் வெளியே எடுத்துச் சூடான காற்று ஓடும் இடத்தில் தொங்கவிடுங்கள். அடுப்புக்கு அருகிலோ வண்டியின் புகைக்குழாய் மேலோ வைத்தால் துணி உருகும். வெளியுடையைத் துவைக்கும்போது துணி மென்மையூட்டி சேர்க்காதீர்கள், சவ்வின் துளைகளை அது அடைத்துவிடும். மறுநாள் காலை உள்ளுறைக்குள் கையை விட்டுப் பாருங்கள். நுனியில் இன்னும் ஈரம் இருந்தால், புறப்படுவதை மதியத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.